வாசகர் கேள்விகள்: படைப்பு, பரிணாமம், ஓர் இயற்பியலாளரின் விசுவாசம்

சென்ற இதழில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணித இயற்பியல் பேராசிரியராக இருந்து பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் குருவான ஜான் போல்கிங்ஹார்ன், பரிணாமத்தைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்ட விசுவாசி என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறேன்.

கேள்வி: பேராசிரியர் பதவியை விட்டுவிட்டு ஒருவர் குருவாகப் போனார் என்றால், அவருக்கு இயற்பியலின் மேல் நம்பிக்கை போய்விட்டது என்றுதானே பொருள்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: அப்படிப் பொருள் கொள்ள இடமில்லை. 1930இல் பிறந்த போல்கிங்ஹார்ன், கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று, அங்கே குவாண்டம் இயற்பியலின் முன்னோடிகளில் ஒருவரான டிராக்கின் விரிவுரைகளைக் கேட்டு, பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாமின் வழிகாட்டலில் 1955இல் முனைவர் பட்டம் பெற்றவர். அடிப்படைத் துகள்களின் மோதல்களை விவரிக்கும் கணிதமே அவருடைய துறை. 1968இல் பேராசிரியரானார், 1974இல் பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1979இல் பதவி விலகியபோது அவர் சொன்ன காரணம் மிக எளியது: கோட்பாட்டு இயற்பியலில் புதிய வழிகளைத் திறப்பவர்கள் பெரும்பாலும் இளையவர்களே, தம் பங்கை ஓரளவு செய்து முடித்தாயிற்று, இனி வேறொரு பணிக்குப் போகலாம் என்பதுதான். அதே 1979இல்தான் அவருடைய ஆசிரியரான சலாமுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பதையும், சலாம் குர்ஆனை ஆழ்ந்து நேசித்த முஸ்லிம் என்பதையும் இங்கே நினைவூட்டத் தோன்றுகிறது. 1982இல் குருப்பட்டம் பெற்ற போல்கிங்ஹார்ன், கென்ட் பகுதியில் பிளீன் என்ற கிராமத்துச் சபையில் ஊழியம் செய்தார். பின்னர் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி, 1996 வரை குவீன்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்தார். 2002இல், ஆன்மிகத் துறையில் பங்களிப்புக்காகத் தரப்படும் டெம்பிள்டன் பரிசு பெற்றார், 2021இல் காலமானார்.

கேள்வி: வார நாட்களில் வகுப்பறையில் பரிணாமம் கற்பிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஆறு நாள் படைப்பைக் கற்பிக்கிறேன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவது நேர்மையாகுமா?
– அறிவியல் ஆசிரியை, தூத்துக்குடி

பதில்: ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை நீங்கள் எந்த வகை எழுத்தாக வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. முதல் நாளில் வெளிச்சமும் நான்காம் நாளில் சூரியனும் உண்டாகின்றன. சூரியன் இல்லாமல் மாலையும் காலையும் எப்படி வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே இறையியலாளர் ஓரிஜன் கேட்டு, இதை வரலாற்றுக் குறிப்பாக எடுத்துக்கொள்ளலாகாது என்று எழுதினார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்தீன், ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கநூலில், அந்த நாட்கள் நாம் அறிந்த இருபத்து நான்கு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்றும், காலப்போக்கில் வெளிப்படும் ஆற்றல்களைக் கடவுள் தொடக்கத்திலேயே படைப்புக்குள் விதைத்து வைத்தார் என்றும் விளக்கினார். வானத்தையும் பூமியையும் பற்றி விசுவாசிகள் அறியாமையோடு பேசி, வேதத்தைப் பிறர் நகைக்கச் செய்யக்கூடாது என்று அவர் கண்டித்ததும் அதே நூலில்தான். இதற்காக அகஸ்தீனைப் பரிணாமவாதியாக்கிவிட வேண்டாம். மனிதன் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகள் கூட ஆகவில்லை என்றே அவர் எண்ணினார். எழுத்துக்கு எழுத்து வாசிக்காத முறை டார்வினுக்குப் பயந்து நேற்றுக் கண்டுபிடித்த தப்பிக்கும் வழி இல்லை என்பதை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

போல்கிங்ஹார்ன் இந்த மரபில் வந்தவர். அவருடைய வாசிப்பில் அந்த அதிகாரம் சொல்வது, இருக்கும் யாவும் கடவுளின் சித்தத்தால் இருக்கின்றன என்பதையே. எந்த வரிசையில், எத்தனை நாளில் என்பதை அது சொல்ல வரவில்லை. சுற்றியிருந்த மக்கள் தெய்வங்களாக வணங்கிய சூரியனையும் சந்திரனையும் அந்த அதிகாரம் பகலுக்கும் இரவுக்கும் ஏற்றிவைத்த சுடர்களாக மட்டுமே காட்டுகிறது. பூமியையும் தண்ணீரையும் நோக்கி, உயிர்களைப் பிறப்பிக்கக் கட்டளையிடுகிறது. இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், திங்கட்கிழமை வகுப்பில் நீங்கள் எதையும் திரும்பப் பெற வேண்டியிராது. டார்வினின் நூல் வெளிவந்த 1859 நவம்பரிலேயே ஆங்கிலிக்கன் குருவான சார்லஸ் கிங்ஸ்லி அவருக்கு எழுதிய கடிதத்தில், தாமே வளர்ந்து பெருகும் ஆற்றலுடைய தொடக்க உருவங்களைக் கடவுள் படைத்தார் என்று நம்புவதும், ஒவ்வொன்றையும் அவர் தனித்தனியே உண்டாக்கினார் என்று நம்புவதைப் போலவே மேன்மையானது என்றார். டார்வின் அந்தக் கருத்தைத் தம் இரண்டாம் பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார்.

கேள்வி: எங்கள் சபையின் கன்வென்ஷனில் பேசிய ஒருவர், பூமியின் வயது ஆறாயிரம் ஆண்டுகளே என்றும், கதிரியக்கக் காலக்கணிப்பு சிதைவு வேகம் மாறவில்லை என்ற வெறும் ஊகத்தின் மேல் நிற்கிறது என்றும் சொன்னார். ஓர் இயற்பியலாளரின் பதில் என்ன?
– பொறியாளர், திருநெல்வேலி

பதில்: பரிணாம விவாதத்தில் இயற்பியலுக்கு நேரடியாகப் பேச உரிமையுள்ள இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆறாயிரம் என்ற எண்ணை, அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வெளியிட்ட கணக்கு பிரபலமாக்கியது, கி.மு. 4004இல் படைப்பு நிகழ்ந்ததாக அவர் முடிவு செய்தார். அவரைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. தம் காலத்தில் கிடைத்த எபிரெய, கிரேக்க, பாபிலோனிய ஆதாரங்களை எல்லாம் ஒப்பிட்டு உழைத்த பேரறிஞர் அவர். பாறைகள் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு வரலாறு உண்டு. டார்வினுக்கு முதலில் பெரும் தொல்லை கொடுத்தவர்களில் ஒருவர், கிறிஸ்தவரும் இயற்பியலாளருமான வில்லியம் தாம்சன், அதாவது பிற்காலத்தில் கெல்வின் பிரபு. உருகிய நிலையிலிருந்து பூமி குளிர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று 1862இல் கணக்கிட்ட அவர், 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்றார். 1897இல் அதை 2 முதல் 4 கோடி ஆண்டுகளாகக் குறுக்கினார். இயற்கைத் தேர்வு வேலை செய்ய இவ்வளவு காலம் போதாது என்பதை டார்வின் நன்கு உணர்ந்திருந்தார். பிழை இயற்பியலின் பக்கமே இருந்தது. பூமியின் உட்பகுதி மெல்ல நகர்ந்து வெப்பத்தை மேலே கொண்டுவரக்கூடும் என்பதைக் கெல்வின் சேர்க்கவில்லை. அவருடைய முன்னாள் உதவியாளரான ஜான் பெரி 1895இல் இதைச் சுட்டிக்காட்டினார். கதிரியக்கம் தரும் வெப்பமும், சூரியனை எரியவைக்கும் அணுக்கரு இணைவும் அன்று யாருக்கும் தெரியாது. மெல்லச் சிதைந்து இறுதியில் ஈயமாக மாறும் யுரேனியம்-238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். 1956இல் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள வடிவங்களை) அளந்து, பூமியின் வயதை 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தார். இன்றுவரை அந்த எண் பெரிதாக மாறவில்லை.

இனி, சிதைவு வேகம் மாறியிருக்கலாமே என்ற வாதத்துக்கு வருவோம். அதை ஊகமாக விட்டுவிடாமல் இயற்பியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1987 பிப்ரவரியில், நமக்கு அருகிலுள்ள விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததை வானியலாளர்கள் கண்டார்கள். அங்கிருந்து ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1,68,000 ஆண்டுகள் ஆகும். வெடிப்பில் உண்டான கோபால்ட்-56 சிதையும் வேகத்தில்தான் அதன் ஒளி மங்கியது. நம் ஆய்வகங்களில் கோபால்ட்-56இன் அரை ஆயுள் 77 நாட்கள். அந்த விண்மீனிலும் அதுவே. ஆகவே 1,68,000 ஆண்டுகளுக்கு முன்பும் அதே விதி. ஆறாயிரம் ஆண்டுக் கணக்கு இங்கேயே இருமுறை உடைகிறது.

இன்னும் பின்னே போகலாம். ஆப்பிரிக்காவின் கபோன் நாட்டில், ஓக்லோ சுரங்கத்திலிருந்து வந்த யுரேனியத்தில் 235ஆம் ஐசோடோப்பு வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக இருப்பதைப் பிரெஞ்சு அறிவியலாளர்கள் 1972இல் கவனித்தார்கள். காரணம் வியப்பானது: ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலத்தடி நீரின் உதவியால் இயற்கையாகவே ஓர் அணு உலை இயங்கியிருக்கிறது. அது விட்டுச்சென்ற தனிமங்களின் விகிதங்களை ஆராய்ந்தபோது, அணுக்கரு விசைகளும் மின்காந்த விசையும் அன்றும் ஏறக்குறைய இன்றுள்ளபடியே இருந்தன என்று தெரிந்தது. சிதைவு வேகம் பல இலட்சம் மடங்கு மாறியது என்று சொல்பவர், அந்த மாற்றம் வெளியிட்டிருக்க வேண்டிய வெப்பத்தில் பூமி ஏன் உருகிப் போகவில்லை என்பதையும் சேர்த்து விளக்க வேண்டும்.

கேள்வி: ஒழுங்கின்மை எப்போதும் பெருகும் என்கிறது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. எளியதிலிருந்து சிக்கலான உயிர் தோன்றுவது அதற்கு முரணல்லவா?
– பட்டதாரி மாணவர், சிவகாசி

பதில்: முரணில்லை. புறத்தோடு தொடர்பே இல்லாத அமைப்புக்கு மட்டுமே அந்த விதி அப்படிப் பொருந்தும். பூமி சூரியனிடமிருந்து சில ஒளித்துகள்களைப் பெற்று, ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ இருபது அகச்சிவப்புத் துகள்களை இருண்ட வெளியில் இறைக்கிறது. மொத்த ஒழுங்கின்மை தாராளமாகக் கூடுகிறது. அதன் ஓரத்தில் ஒழுங்கு உருவாக இடம் கிடைக்கிறது. உங்கள் வாதம் சரியென்றால் கருப்பையில் குழந்தையும் வளர முடியாது.

கேள்வி: பரிணாமம் தற்செயலால் நடக்கிறது என்றால் கடவுளின் ஆளுகை எங்கே? பரிணாமத்தால் விளக்க முடியாத சிக்கலான உறுப்புகளைக் காட்டி, அங்கே கடவுளின் கை இருக்கிறது என்று நிறுவக் கூடாதா?
– போதகர், மதுரை

பதில்: ஐயா, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் சூரியக் குடும்பம் நாளடைவில் நிலைகுலையும், அவ்வப்போது அது சீர்செய்யப்பட வேண்டியிருக்கும் என்று நியூட்டன் கருதினார். 1780களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், வியாழனும் சனியும் பாதை விலகுவதுபோல் தோன்றுவது ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிவரும் ஊசலாட்டமே என்று காட்டிவிட்டார். நியூட்டன் கடவுளுக்கென்று ஒதுக்கி வைத்த வேலை அப்படியே மறைந்துபோனது. ஆக்ஸ்ஃபோர்டின் கணிதப் பேராசிரியரும் மெதடிஸ்ட் சபையின் பிரசங்கியாருமான சார்லஸ் கூல்சன் இதைக் கடுமையாக எச்சரித்தார்: அறிவியலுக்குத் தெரியாத ஓர் இடத்தைக் கண்டால் கடவுளைக் கண்டுவிட்டோம் என்று மகிழ வேண்டாம், இன்னும் நல்ல அறிவியலாளராகுங்கள் என்பதே அவர் அறிவுரையின் சாரம். பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழை பரிணாமத்தால் உருவாகவே முடியாது என்ற வாதம் 2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டோவர் பள்ளி வழக்கில் நீதிமன்றத்துக்கே போனது. அதை மறுத்து முதலில் சாட்சி சொன்ன உயிரியலாளர் கென்னத் மில்லர் ஒரு கத்தோலிக்க விசுவாசி. தீர்ப்பும் அந்த வாதத்தை ஏற்கவில்லை.

தற்செயல் பற்றிய முதல் கேள்வி இதைவிட ஆழமானது. ஓர் உயிருக்குத் தேவை என்பதற்காக மரபணு மாற்றம் நிகழ்வதில்லை என்பதையே உயிரியலாளர் தற்செயல் என்கிறார். பிரபஞ்சத்துக்குப் பொருளே இல்லை என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது. விதிகளின் உறுதியும் நிகழ்வுகளின் தற்செயலும் சேர்ந்துதான் புதியன தோன்றுகின்றன என்று போல்கிங்ஹார்ன் விளக்கினார். விதி மட்டும் இருந்தால் எல்லாம் இறுகிக் கிடக்கும். தற்செயல் மட்டும் இருந்தால் எதுவும் நிலைக்காது. அந்த விதிகளும் சாதாரணமானவையாக அவருக்குத் தோன்றவில்லை. நம் உடலின் கார்பன் எல்லாம் விண்மீன்களுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் இணைந்து உண்டானது. அது போதிய அளவில் உண்டாக, கார்பன் கருவுக்கு ஒரு குறிப்பிட்ட ஆற்றல் நிலை இருந்தே ஆக வேண்டும் என்று வானியலாளர் ஃபிரெட் ஹாயில் 1953இல் முன்கூட்டியே சொன்னார், ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அது இருப்பதைச் சோதனை காட்டியது. போல்கிங்ஹார்ன் இதை ஒரு குறிப்பாக மட்டுமே கொண்டார், நிரூபணமாகக் கொள்ளவில்லை.

அவரோடு நான் உடன்படாத இடம் ஒன்றும் உண்டு. கடவுள் உலகில் எப்படிச் செயல்படுகிறார் என்பதற்கு, மிகச் சிறிய மாற்றத்துக்கும் பெரிதாக எதிர்வினை காட்டும் கேயாஸ் அமைப்புகளில் அவர் வழி தேடினார். கேயாஸை விவரிக்கும் சமன்பாடுகள் முற்றிலும் நிர்ணயமானவை. நம்மால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்பதாலேயே இயற்கை அங்கே திறந்து கிடக்கிறது என்றாகிவிடாது. இதை நன்கு அறிந்திருந்தும், அந்தச் சமன்பாடுகள் இன்னும் நுண்ணிய ஓர் உண்மையின் தோராயமாக இருக்கலாம் என்று அவர் வாதாடினார். வேறெங்கும் இடைவெளிகளில் கடவுளைத் தேடாதவர், இங்கே மட்டும் அதன் அருகில் போய்விட்டார் என்றே நினைக்கிறேன்.

கேள்வி: புற்றுநோய்ப் பிரிவில் பணிபுரிகிறேன். மரபணு மாற்றங்களைக் கொண்டுதான் கடவுள் உயிர்களைப் படைத்தார் என்றால், என் கண்முன்னே ஒரு குழந்தையைக் கொல்லும் மாற்றத்தையும் அவரே வைத்தார் என்றாகிறதே?
– செவிலியர், கோயம்புத்தூர்

பதில்: வந்த கடிதங்களில் மிகக் கடினமானது உங்களுடையதுதான். விசுவாசிக்குப் பரிணாமம் தரும் உண்மையான இடர் ஆதியாகமத்தின் ஆறு நாட்களில் இல்லை. நீங்கள் கேட்ட இந்த இடத்தில் இருக்கிறது. டார்வினும் இங்கேதான் தடுமாறினார். உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவின் உடலை உள்ளிருந்தே தின்று வளரும் குளவிகளை, இரக்கமுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்தார் என்று தம்மை நம்பவைக்க முடியவில்லை என்று 1860 மே மாதத்தில் அமெரிக்கத் தாவரவியலாளரும் கிறிஸ்தவருமான ஆசா கிரேக்கு எழுதினார். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, பத்து வயது மகள் ஆன்னியை அவர் நோயில் பறிகொடுத்திருந்தார்.

போல்கிங்ஹார்ன் சொன்ன விடை இது: கடவுள் தம் கையில் ஆட்டிவைக்கும் பொம்மையாக உலகைப் படைக்கவில்லை, தன்னைத் தானே உருவாக்கிக்கொள்ளும் சுதந்திரத்தை அதற்குக் கொடுத்தார். இனப்பெருக்கச் செல்களில் மாற்றம் நிகழ்ந்து புதிய உயிர் வடிவங்கள் தோன்ற இடமளிக்கும் அதே வேதியியல், உடற்செல்களிலும் மாற்றம் நிகழவும் அவற்றில் சில கட்டுமீறிப் பெருகவும் இடமளிக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை மட்டும் நீக்க வழியில்லை. நிலத்தட்டுகள் நகர்வதால் மலைகள் எழுகின்றன, கனிமங்கள் மேலே வருகின்றன. அதே நகர்வால் நிலநடுக்கமும் வருகிறது. ஆகவே ஒரு குழந்தைக்கு வந்த புற்றுநோய், பெற்றோர் செய்த பாவத்துக்குத் தண்டனையும் இல்லை, கடவுள் கவனக்குறைவாக விட்டதும் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை உங்கள் பிரிவில் சொல்ல வேண்டிய தருணங்கள் உங்களுக்கு வாய்த்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் சபைகளில் அதற்கு நேரெதிரானதைச் சொல்லிச் செல்பவர்கள் குறைவில்லை.

ஆனால் என் கருத்தில் இது பாதி விடைதான். இப்படிப்பட்ட உலகில் புற்றுநோய் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை அது சொல்கிறது. இப்படிப்பட்ட உலகம் இந்த விலைக்குத் தகுமா என்பதை அது சொல்லவில்லை. வேதனை குறைந்த வேறு விதிகள் சாத்தியமா என்பதை எந்த இயற்பியலாளரும் கணக்கிட்டுக் காட்ட முடியாது. போல்கிங்ஹார்னும் தம் வாதம் வேதனைப்படுபவருக்கு ஆறுதல் தரும் என்று பாவனை செய்யவில்லை. கடவுள் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை, சிலுவையில் தாமே அந்த வேதனைக்குள் வந்தார் என்பதையும், மரணத்துக்கு அப்பால் உயிர்த்தெழுதல் உண்டு என்பதையும் விட்டுவிட்டால் தம்மிடம் போதிய பதில் இல்லை என்பதே அவர் நிலை. அது விசுவாசத்தின் பதில். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் பாடு.

கேள்வி: ஆதாம் என்று ஒருவர் இல்லை என்றால் ஆதிப்பாவம் என்னாகும்? எங்கள் திருச்சபை இதில் என்ன சொல்கிறது?
– மறைக்கல்வி ஆசிரியர், திருச்சி

பதில்: கத்தோலிக்கத் திருச்சபை 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸின் சுற்றுமடல் வழியாக, மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து தோன்றியதா என்று ஆராய்வதைத் தடைசெய்யவில்லை, ஆன்மா கடவுளால் நேரடியாகப் படைக்கப்படுகிறது என்பதை வலியுறுத்தியது. மனிதகுலம் முழுவதும் ஒரே தம்பதியிலிருந்து வரவில்லை என்ற கருத்தை ஆதிப்பாவப் போதனையோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்றும் சொன்னது. 1996 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால், பரிணாமத்தை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்று அறிவித்தார். ஒரே தம்பதி என்ற முடிச்சு இன்னும் அவிழவில்லை. இன்றைய மரபணுப் பன்மையைப் பார்த்தால், நம் மூதாதையரின் எண்ணிக்கை எக்காலத்திலும் ஆயிரக்கணக்குக்குக் கீழே இறங்கவில்லை என்பதே மரபியலாளரின் பொதுக் கணிப்பு.

போல்கிங்ஹார்ன் ஆங்கிலிக்கனாக இருந்ததால் அந்த முடிச்சு அவரை இறுக்கவில்லை. மனிதர் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் இறந்துகொண்டுதான் இருந்தன; ஆகவே மரணம் பாவத்தால் உலகில் புதிதாக நுழைந்தது என்று அவர் கொள்ளவில்லை. தன்னுணர்வும் கடவுளைப் பற்றிய உணர்வும் நம் முன்னோரிடம் விழித்தபோது, அவர்கள் கடவுளை விட்டுத் தம் பக்கமே திரும்பினார்கள். அதுவரை இயல்பான முடிவாக இருந்த சாவு அப்போது கசந்தது என்று வாசித்தார். பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தை இது முழுமையாகத் தாங்குமா என்று கேட்டால், தாங்குகிறது என்று துணிந்து சொல்ல மாட்டேன். இங்கே இறையியலாளருக்கு இன்னும் வேலை மிச்சமிருக்கிறது.

கேள்வி: நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். எல்லாவற்றையும் பரிணாமமும் இயற்பியலும் விளக்கிவிட்டால், உங்கள் போல்கிங்ஹார்னின் கடவுளுக்கு அங்கே என்ன வேலை?
– வாசகர், ஈரோடு

பதில்: உயிரியலின் விளக்கத்துக்குள் எந்த வேலையும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டிருப்பார். அவர் அடிக்கடி சொன்ன எடுத்துக்காட்டு: கெட்டிலில் தண்ணீர் ஏன் கொதிக்கிறது என்றால், எரிவாயு எரிந்து வெப்பம் ஏறுவதால் என்றும் சொல்லலாம், எனக்குத் தேநீர் வேண்டியிருப்பதால் என்றும் சொல்லலாம். இரண்டும் மெய், முதலாவதில் எங்காவது குறை இருப்பதால் இரண்டாவது தேவைப்படவில்லை. ஆனால் இது கடவுள் இருக்கக்கூடும் என்பதற்கு இடம் வைக்கிறதே தவிர, இருக்கிறார் என்று காட்டுவதில்லை. உங்கள் மறுப்பு இங்கே நியாயமானது.

பலர் நினைப்பதுபோல் அவர் இயற்கையைப் பார்த்து விசுவாசத்துக்கு வந்தவரும் இல்லை. கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். தம் விசுவாசத்தின் ஆதாரம் எது என்று கேட்டபோதெல்லாம் இயேசுவின் வாழ்வையும், அவர் உயிர்த்தெழுந்தார் என்று சீடர்கள் சொன்ன சாட்சியையுமே காட்டினார். கல்லறை காலியாக இருந்தது என்ற செய்தியை முதலில் பெண்கள் சொன்னதாக நற்செய்திகள் பதிவு செய்திருப்பதை அவர் முக்கியமாகக் கருதினார்; பெண்களின் சாட்சிக்கு அன்றைய சமூகம் மதிப்புத் தரவில்லை, கட்டுக்கதை புனைபவர் அப்படிப் புனைந்திருக்க மாட்டார் என்பது அவர் வாதம். அதை ஏற்காத வரலாற்றாய்வாளர்களும் பலர் உண்டு. அவர்களுடைய காரணங்களும் இலேசானவை அல்ல. நீங்கள் அவரை மறுக்க விரும்பினால் அந்த வாதத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். டார்வினைப் பொறுத்தவரை, போல்கிங்ஹார்ன் ஏற்கெனவே உங்கள் பக்கம்தான் இருக்கிறார்.